நாலாம் பாடத்துக்கு ஒரு மரண அறிவித்தல்

பத்திரிகையில் மரண அறிவித்தல் எழுத ஒரு வரிசை உண்டு. பிறந்த இடம், வாழ்ந்த இடம், விட்டுச் சென்ற உறவுகள், தகனம் எத்தனை மணிக்கு என்பது. க.பொ.த. உயர்தரத்தின் நான்காவது பாடத்துக்கு அப்படி நாலு வரி போட ஒருவரும் முன்வரவில்லை. அது போன வீட்டில் ஒப்பாரியும் கேட்கவில்லை. பிள்ளைகளுக்குச் சுமை குறைந்தது என்று பெற்றோரும் ஆசிரியரும் ஆறுதல்தான் பட்டார்கள். 1997இல் அறிவிக்கப்பட்ட கல்விச் சீர்திருத்தம் அதற்கு நாள் குறித்தது. 1998இல் 12ஆம் தரத்துக்கு வந்தவர்கள் மூன்று பாடங்களோடு வகுப்பில் உட்கார்ந்தார்கள். 2000ஆம் ஆண்டில் அவர்கள் பரீட்சை மண்டபத்துக்குப் போனபோது, பழைய பாடத்திட்டக்காரர்களின் மேசைகளில் மட்டும் அது இன்னும் கொஞ்சம் இழுத்துக்கொண்டு கிடந்தது.

பூண்டுலோயாவிலிருந்து பார்த்தால் இந்த மரணத்தின் கணக்கு வேறு மாதிரி இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இவ்வளவு காலம் கழித்தும் இந்த அறிவித்தல்.

ஊரைப் பற்றி ஒரு வார்த்தை. தலவாக்கலையிலிருந்து மலையைச் சுற்றிச் சுற்றி இறங்கும் பாதையில், கொத்மலைப் பக்கம் ஓடும் ஆற்றை ஒட்டிய சிறு நகரம். ஒரு பக்கம் டன்சினன், இன்னொரு பக்கம் சீன் என்று தோட்டங்கள். டன்சினன் என்பது ஷேக்ஸ்பியரின் மக்பெத் கடைசியாகக் கோட்டை கட்டிக்கொண்டு நின்ற ஸ்கொட்லாந்து மலையின் பெயர். துரைமார் தங்கள் ஊர்ப் பெயர்களைக் கொண்டுவந்து நட்டார்கள். பள்ளிக்கூடத்தை நட மறந்தார்கள். தோட்டப் பள்ளிக்கூடங்கள் எழுபதுகளின் பிற்பகுதியிலிருந்துதான் படிப்படியாக அரசின் கைக்கு வந்தன. ஓர் ஆசிரியர் ஐந்து வகுப்பைக் கட்டி மேய்த்த அந்தப் பள்ளிக்கூடங்களிலிருந்து உயர்தரம் வரை வந்து சேர்ந்த பிள்ளைகள், எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் நான்கு பாடங்களைச் சந்தித்தார்கள்.

எந்த நான்கு? கொழும்பில் ஒரு பிள்ளையிடம் கேட்டால் தனக்குப் பிடித்ததைச் சொல்லும். எங்கள் பக்கத்தில் கால அட்டவணைதான் அந்தக் கேள்விக்குப் பதில் சொன்னது. தமிழுக்கு ஆசிரியர் இருக்கிறார், இந்து நாகரிகத்துக்கு இருக்கிறார், புவியியலுக்கு இருந்தவர் இடமாற்றம் வாங்கிக்கொண்டு போய்விட்டார், அரசறிவியலை அதிபரே பார்த்துக்கொள்வார். ஆக, நான்கு. விஞ்ஞானம் படிக்க வேண்டுமென்றால் ஹட்டன் ஹைலண்ட்ஸ் கல்லூரிக்குப் போக வேண்டும். அல்லது கண்டியிலோ யாழ்ப்பாணத்திலோ ஒரு விடுதி, அதற்குக் காசு. பெரும்பாலான பிள்ளைகள் கலைப்பிரிவில்தான் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். இதைத் திறமைக் குறைவு என்று பேசுகிறவர்களை நான் அதிகம் மதிப்பதில்லை. ஆய்வுகூடம் இல்லாத பாடசாலையில் இரசாயனவியல் விருப்பப் பாடமாக இருக்க முடியாது.

இந்த இடத்தில்தான் நாலாம் பாடத்தின் குணம் தெரியும். நாலிலும் நல்ல சித்தி பெற்றால் மகிழ்ச்சி. ஆனால் மூன்றில் சித்தியடைந்து நான்காவதில் 25 புள்ளியைத் தொட்டாலும் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்க வழி இருந்தது. மொத்தப் புள்ளி மட்டும் போதியதாக இருக்க வேண்டும். அந்த விதியை எழுதியவர்கள் மலையகத்தை நினைத்து எழுதியிருக்க மாட்டார்கள். இருந்தாலும் ஆசிரியர் இல்லாத ஒரு பாடத்தை மாணவர் தாங்கிக்கொள்ள அது இடம் கொடுத்தது. புவியியல் ஆசிரியர் போய்விட்டாரா, பழைய வினாத்தாள்களைப் பார்த்து 25க்குப் படி. மற்ற மூன்றில் உயிரைக் கொடு. லயத்து அறையில் குப்பி விளக்குக்குக் கீழே உட்கார்ந்தவர்கள் போட்ட கணக்கு இதுதான். நான்கு கால் கட்டிலில் ஒரு கால் ஆடினால் செங்கல் வைத்துப் படுத்துக்கொள்ளலாம். முக்காலியில் ஒன்று போனால் ஆள் தரையில்.

2000க்குப் பிறகு வந்தது முக்காலி. மூன்று பாடம், மூன்றிலும் ஒரே தடவையில் சித்தி. சுமை கால்வாசி இறங்கியது; தவறுவதற்கு இருந்த இடம் முழுவதும் போய்விட்டது. இறங்கிய சுமையின் இடத்திலும் புதியது ஏறிக்கொண்டது. பொதுச் சாதாரணப் பரீட்சை என்ற ஒன்று வந்தது, அதில் 30 புள்ளி எடுத்தால்தான் பல்கலைக்கழகம் திரும்பிப் பார்க்கும். பொது ஆங்கிலமும் வந்தது. அது அனுமதிக்குக் கட்டாயம் இல்லை, ஆனால் பெறுபேற்றுத் தாளில் நிரந்தரமாக உட்கார்ந்திருக்கும்.

விஞ்ஞானத்தில் நாலாம் பாடம் செத்ததாகச் சொல்வதே கொஞ்சம் பொய். தாவரவியலும் விலங்கியலும் சேர்ந்து உயிரியல் ஆயின. தூய கணிதமும் பிரயோக கணிதமும் சேர்ந்து இணைந்த கணிதம் ஆயின. பெயர்ப் பலகை குறைந்தது, புத்தகத்தின் கனம் அவ்வளவாகக் குறையவில்லை. உண்மையிலேயே உயிர் போனது கலைப்பிரிவில்தான். அங்கே நாலாவதாக வந்த பாடம் வெறும் இலக்கமல்ல, பல்கலைக்கழகத்தில் வேறொரு துறைக்குத் திறக்கும் பக்கக் கதவு. நாலாவதாகப் பொருளியலை எடுத்தவர் பேராதனையில் முதல் வருடம் அந்தத் துறையின் வாசலில் நிற்கலாம். மூன்றென்று ஆனபின் பிள்ளைகள் பழகிய மூன்றையே பிடித்துக்கொள்கிறார்கள். நாலு பேர் மட்டும் கேட்கும் பாடத்துக்குச் சிறிய பாடசாலை ஆள் வைத்துக்கொள்வதும் இல்லை.

நாலாம் பாடம் தன்னோடு இன்னொன்றையும் கூட்டிக்கொண்டு போனது. நானூறுக்கு எத்தனை என்ற பழைய கேள்வி. 2000இல் நான்கு எழுதியவரும் மூன்று எழுதியவரும் ஒரே வரிசையில் வந்து நின்றபோது யார் முன்னால் என்று சொல்ல முடியவில்லை. அதற்குப் பிறகுதான் 2001இலிருந்து இசட் புள்ளி வந்தது. அதை வகுத்தவர் பேராதனைப் பேராசிரியர் ஆர். ஓ. தட்டில். முந்நூறோ நானூறோ, ஒவ்வொரு பாடத்திலும் சராசரியிலிருந்து எவ்வளவு விலகி நிற்கிறாய் என்பதே கேள்வியாயிற்று. தசமத்துக்குப் பின் நாலு இலக்கம் போட்டுப் பெறுபேறு வரத் தொடங்கியது. 248 எடுத்தேன் என்று அப்பாவிடம் சொல்ல முடிந்தது. கொழுந்து நிறுக்கிறவருக்கும் அது புரிந்தது. 1.3872 என்றால் என்னவென்று பிரட்டுக் களத்தில் யாருக்கு விளக்குவது?

இந்த முடிவையெல்லாம் எடுத்தது யார் என்று பின்னால் போய்ப் பார்த்தால் சுவாரசியமான ஒரு தேய்வு தெரிகிறது. 1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம் உருவானபோது ஐவர் ஜெனிங்ஸ் துணைவேந்தர். மூதவையில் பேராசிரியர்கள் இருந்தார்கள், புகுமுகப் பரீட்சையைப் பல்கலைக்கழகமே நடத்தியது. யார் உள்ளே வருகிறார், எத்தனை பாடத்தோடு வருகிறார் என்பதைக் கற்பிக்கப் போகிறவர்களே தீர்மானித்தார்கள். அறுபதுகளின் நடுவில் அது உயர்தரப் பரீட்சையோடு ஒன்றாகிப் பரீட்சைத் திணைக்களத்தின் கைக்குப் போனது. 1966இல் உயர்கல்விக்கான தேசிய சபை வந்தது. எழுபதுகளின் தொடக்கத்தில் தரப்படுத்தல் வந்தபோது முடிவு அமைச்சில் இருந்தது. அந்தக் காயம் எதுவரை போனதென்று தமிழருக்குச் சொல்ல வேண்டியதில்லை. 1972இல் நாட்டுக்கு ஒரே பல்கலைக்கழகம், மற்றவையெல்லாம் வளாகங்கள் என்றார்கள். 1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கச் சட்டம் பல்கலைக்கழகங்களை மறுபடி பிரித்து, மேலே மானியங்கள் ஆணைக்குழுவை வைத்தது. இன்று நுழைவுத் தகுதியைச் சொல்வதும் ஆணைக்குழு, மாணவரைத் தெரிவதும் ஆணைக்குழு. நாலாம் பாடத்தை எடுத்துவிடும்போதும் முடிவு மேலிருந்துதான் வந்தது. பேராசிரியர்கள் ஆலோசனைக் குழுக்களில் இருந்தார்கள், அவ்வளவுதான். டன்சினனிலிருந்து ஓர் ஆசிரியரைக் கூப்பிட்டு, உங்கள் பாடசாலையில் எத்தனை பாடத்துக்கு ஆள் இருக்கிறது என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

வாசலுக்கு உள்ளே கதை வேறு. எத்தனை பாட அலகு, ஓர் அரையாண்டில் எவ்வளவு தாங்கலாம், கூடுதலாகப் பதிய யாரிடம் அனுமதி வாங்க வேண்டும் என்பதையெல்லாம் பீடச் சபையும் மூதவையும்தான் இன்றும் எழுதுகின்றன. இலங்கைத் தகைமைக் கட்டமைப்பு வருடத்துக்கு 30 கிரெடிட் என்று ஒரு பொது அளவு வைத்திருக்கிறது. அதாவது மூன்று வருடப் பட்டத்துக்கு 90, நான்கு வருடச் சிறப்புப் பட்டத்துக்கு 120. அதற்குள் எதை எப்படி அடுக்குவது என்பது பீடத்தின் வேலை. 1978 சட்டம் பீடச் சபையில் மாணவர் தெரிந்தனுப்பும் இரண்டு பேருக்கும் ஆசனம் கொடுத்திருக்கிறது. பாரம் தாங்கவில்லை என்று அவர்கள் அங்கே வாய்விட்டுச் சொல்லலாம். சொன்னால் கேட்கிறார்களா என்பது பீடாதிபதியையும் அந்த வருட மாணவர் சங்கத்தையும் பொறுத்தது. ஆனால் சொல்ல ஒரு மேசை இருக்கிறது. உயர்தர மாணவருக்கு அந்த மேசை இல்லை. அதிபர் கொத்மலை வலயக் கல்விப் பணிமனைக்கு எழுதலாம், அங்கிருந்து மாகாணத்துக்குப் போகும், அதற்குள் பிள்ளை பரீட்சை எழுதி முடித்துவிடும்.

மாவட்ட ஒதுக்கீடு இருக்கிறதே என்பார்கள். எங்கள் நுவரெலியா பின்தங்கிய மாவட்டங்களின் பட்டியலில் உள்ளது, திறமைக்கு 40, மாவட்டங்களுக்கு 55, பின்தங்கிய மாவட்டங்களுக்கு 5 என்ற சதவீதப் பங்கீட்டில் அந்தக் கடைசி ஐந்தும் அதற்கு உதவுகிறது. இரண்டு விஷயத்தை மட்டும் மறக்கக் கூடாது. ஒதுக்கீடு வெட்டுப்புள்ளியைத் தாழ்த்தும். மூன்றிலும் சித்தி என்ற படியைத் தாழ்த்தாது, அது கொழும்பு ஏழுக்கும் பூண்டுலோயாவுக்கும் ஒரே உயரம். இரண்டாவது, எங்கள் பிள்ளைகள் அதிகம் நிற்கும் கலைப்பீட வரிசையில் மாவட்டக் கணக்கே இல்லை, அகில இலங்கைத் திறமை வரிசைதான்.

கடலுக்கு அந்தப் பக்கமும் இதே சண்டை எட்டிப் பார்த்தது. தமிழ்நாட்டில் பிளஸ் டூ மாணவர் இரண்டு மொழிகளோடு நான்கு பாடம் படிக்கிறார். 2019இல் அரசு, மூன்று பாடம் போதும் என்று விரும்புகிறவர்கள் அப்படி எடுக்கலாம் என்று ஆணை போட்டது. மருத்துவமா பொறியியலா என்பதைப் பதினைந்து வயதிலேயே முடிவு செய்யச் சொல்வதா என்று எதிர்ப்பு கிளம்பியது. அடுத்த வருடமே ஆணையைத் திரும்பப் பெற்றார்கள். அங்கே நாலாம் பாடத்துக்காகப் பேச ஆள் இருந்தது.

நாலாம் பாடத்தைப் புகழ்ந்து மட்டும் எழுதினால் அது நேர்மையில்லை. அதனால் கெட்டவர்களும் உண்டு. நான்கு புத்தகம் வாங்கக் காசில்லாமல் பாதியில் நின்றவர்கள், மூன்று பாடம் மட்டும் என்றால் அழகாகக் கரையேறியிருக்கக் கூடியவர்கள், ஹட்டனில் நான்கு டியூஷனுக்குப் பஸ் காசு கேட்டு வீட்டில் அடி வாங்கியவர்கள். அவர்களைக் கேட்டால் அது ஒழிந்தது நல்லது என்பார்கள். மூன்று என்ற இலக்கத்தோடு எனக்குச் சண்டையில்லை. 25 என்ற அந்த இளகலை ஏன் மூன்றாவது பாடத்துக்கு மாற்றிக் கொடுக்கவில்லை என்பதுதான் என் வழக்கு. இரண்டில் நல்ல சித்தி, ஒன்றில் ஓர் எல்லை என்று எழுதியிருக்கலாம். அதற்கு ஒரு சுற்றறிக்கை போதும்.

பல்கலைக்கழகம் தன் பிள்ளைகளுக்கு அந்த இளகலைக் கொடுக்கிறது. இரண்டாம் வருடத்தில் ஓர் அலகில் தவறினால் அந்த அலகை மட்டும் மறுபடி எழுதலாம்; மற்றவை கைவசம் இருக்கும். வெளியே நிற்கிற பிள்ளைக்கு அப்படியில்லை. மூன்று தடவை தோற்றலாம், ஆனால் ஒவ்வொரு தடவையும் முழுவதையும். தமிழில் ‘ஏ’யும் இந்து நாகரிகத்தில் ‘பி’யும் எடுத்து, ஆசிரியரில்லாத புவியியலில் ‘எஃப்’ வாங்கிய பிள்ளை அடுத்த வருடம் புவியியலை மட்டும் எழுதிவிட்டு வர முடியாது. அந்த ‘ஏ’யையும் மறுபடி எடுக்க வேண்டும்.