கப்பல் கெட்டால் யாருக்கு எவ்வளவு?

தமிழரின் கடல் வணிகம் என்றால் நம்முடைய கூட்டங்களில் பேச்சு ராஜேந்திர சோழன், கடாரம், 1025 என்றுதான் தொடங்கும். இன்றைக்குப் படையெடுப்பை விட்டுவிட்டு, உடைந்த கப்பல்களைப் பற்றிப் பேசலாம் என்றிருக்கிறேன்.

குறிகட்டுவானில் படகேறி நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலுக்குப் போனவர்கள் இங்கே பலர் இருப்பீர்கள். அங்கே சிதைந்த தமிழ்க் கல்வெட்டு ஒன்று உண்டு. பேராசிரியர் கா. இந்திரபாலா அதை வாசித்து 1963இல் வெளியிட்டார். பொலன்னறுவையிலிருந்து ஆண்ட முதலாம் பராக்கிரமபாகுவின் (1153–1186) ஆணை அது.

ஆணை இதுதான்: பரதேசிகள், அதாவது வெளிநாட்டு வணிகர், ஊராத்துறைக்கு வரவேண்டும், அவர்களுக்குப் பாதுகாப்பு உண்டு. ஊராத்துறை நம்முடைய ஊர்காவற்றுறைதான். யானையும் குதிரையும் கொண்டுவரும் மரக்கலம் கெட்டுப்போனால் நாலில் ஒரு பங்கு அரச பண்டாரத்துக்கு, மூன்று பங்கு உடையவனுக்கு. மற்றச் சரக்குக் கப்பல் என்றால் பாதிக்குப் பாதி.

ஏன் இந்த வித்தியாசம்? குதிரை அரபு, பாரசீகக் கரைகளிலிருந்து வரவேண்டிய பொருள். நட்டப்பட்ட குதிரை வியாபாரி மறுபடியும் வராவிட்டால் அரசனின் படைக்குத்தான் கேடு. அந்தக் கணக்கு இதில் தெரிகிறது என்பது என் எண்ணம். இலங்கையில் இல்லாத யானையா என்று கேட்பீர்கள். பராக்கிரமபாகு பர்மாமீது படை அனுப்பியதற்குச் சூளவம்சம் சொல்லும் காரணங்களில் ஒன்றே யானை வியாபாரத்தில் வந்த தகராறு.

பாதியைப் பறிப்பது அநியாயமாகத் தோன்றலாம். ஆனால் ஆந்திரக் கரையில் மோட்டுப்பள்ளியில் காகதிய மன்னன் கணபதிதேவன் 1244இல் வெட்டிய சாசனத்தைப் பாருங்கள். முன்பிருந்த அரசர்கள் உடைந்த கப்பலின் சரக்கு முழுவதையும் எடுத்துக்கொண்டார்கள், நான் சுங்கம் மட்டுமே வாங்குவேன் என்கிறான். நாம் இப்போது இருக்கும் இந்த நாட்டில் 1275ஆம் ஆண்டு வெஸ்ட்மின்ஸ்டர் சட்டம் இன்னும் வேடிக்கை. கப்பலிலிருந்து ஒரு மனிதனோ நாயோ பூனையோ உயிரோடு தப்பினால் அது கேட்பாரற்ற சரக்கு ஆகாது. உடையவன் ஓராண்டும் ஒரு நாளும் முடிவதற்குள் வந்து கேட்கலாம். பூனை செத்தால் போச்சு!

இனி மொழிக்கு வருவோம். சிங்கள அரசன், பௌத்தன், ஆணை தமிழில். இதைக் காட்டி அங்கே அன்றும் தமிழராட்சிதான் என்று ஒருவர் வாதாடலாம். அரசன் பெயரைக் காட்டித் தீவு முழுவதும் எங்களுடையது என்று இன்னொருவர் வாதாடலாம். கல் இருவருக்கும் உதவாது. கட்டளையிடும் அதிகாரம் பொலன்னறுவையிடம் இருந்தது. ஆனால் அந்தத் துறைமுகத்தில் கட்டளை புரியவேண்டுமென்றால் அது தமிழில் இருக்கவேண்டியிருந்தது. அதற்கு முன்பே, 1088இல், ஐந்நூற்றுவர் வணிகக் குழு சுமாத்திராவின் பாரூசில் தன் வரி விதிகளைத் தமிழில் கல்லில் வெட்டியிருந்தது. 1281இல் சீனத்துச் சுவான்சௌ துறைமுகத்திலும் சிவன் கோயில் ஒன்றுக்காகத் தமிழில் வெட்டியிருக்கிறார்கள். பாரூசிலோ சுவான்சௌவிலோ தமிழ் அரசன் எவனும் அப்போது ஆளவில்லை.

மிங் பேரரசரின் கடற்படைத் தலைவர் செங் ஹேவுக்கும் இது தெரிந்திருந்தது. 1409ஆம் ஆண்டுத் தேதியிட்டு அவர் காலிக்குக் கொண்டுவந்த கல்லில் சீனம், தமிழ், பாரசீகம் என்று மூன்று மொழிகள். சீனத்தில் புத்தருக்கும், தமிழில் தெனாவரை நாயனாருக்கும், பாரசீகத்தில் இஸ்லாத்துக்கும் காணிக்கை. மூன்றுக்கும் ஏறத்தாழ ஒரே பட்டியல்தான்: பொன் 1000, வெள்ளி 5000, பட்டு, வாசனை எண்ணெய். சிங்களம் அதில் இல்லை. அதே செங் ஹே, அழகேஸ்வரனைச் சிறைபிடித்துச் சீனாவுக்குக் கொண்டுபோனார் என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும்.

தெனாவரைக் கோயிலை 1588இல் போர்த்துக்கேயர் இடித்தார்கள். அந்தக் கல்லோ 1911இல் காலி நகரில் ஒரு மதகுக்கு மூடியாக, எழுத்துப் பக்கம் கீழே இருக்கக் கிடந்தது. இப்போது கொழும்பு அருங்காட்சியகத்தில் இருக்கிறது.