கான்டாக்ட் (மென்பொருள்)

கான்டாக்ட் என்பது மின்னஞ்சல், நாட்காட்டி, முகவரிப் புத்தகம், பணிப்பட்டியல் ஆகியவற்றை ஒரே சாளரத்தில் தரும் கட்டற்ற மென்பொருள். லினக்ஸ் கணினிகளில் பரவலாகப் பயன்படும் கே.டி.ஈ. திட்டத்தைச் சேர்ந்தது. இதன் வரலாற்றில் ஜெர்மனிக்குப் பெரும்பங்கு உண்டு. முனையத்தில் சில கட்டளைகளை இட்டே இதை நிறுவவும் பராமரிக்கவும் முடியும்.

வரலாறு

டூபிங்கன் பல்கலைக்கழக மாணவரான மத்தியாஸ் எட்ரிச் 1996 அக்டோபர் 14 அன்று கே.டி.ஈ. திட்டத்தை அறிவித்தார். அதில் கேமெயில் என்னும் அஞ்சல் நிரலும் கேஆர்கனைசர் என்னும் நாட்காட்டி நிரலும் தனித்தனியே வளர்ந்தன. அவை இணைவதற்கு உந்துதல் தந்தது ஓர் அரசு அலுவலகம். ஜெர்மனியின் கூட்டாட்சித் தகவல் பாதுகாப்பு அலுவலகம், லினக்ஸ் கணினிகளும் விண்டோஸ் கணினிகளும் ஒரே வழங்கியில் அஞ்சலையும் நாட்காட்டியையும் பகிர்ந்துகொள்ள வழி வேண்டி, 2002இல் 'குரூப்வேர்' திட்டத்தை மூன்று நிறுவனங்களிடம் ஒப்படைத்தது. அதிலிருந்து கோலாப் வழங்கி உருவானது. சந்திப்பு, கூட்டம் போன்ற ஒவ்வொரு நாட்காட்டிப் பதிவையும் ஓர் அஞ்சலைப் போலவே ஐமேப் என்னும் அஞ்சல் நெறிமுறையின் கோப்புறையில் சேமிப்பது அதன் தனித்தன்மை. கேமெயிலையும் கேஆர்கனைசரையும் ஒரே சாளரத்தில் இணைத்த கான்டாக்ட், 2004 பிப்ரவரியில் வந்த கே.டி.ஈ. 3.2 பதிப்பில் இடம்பெற்றது.

அமைப்பு

அஞ்சலும் நாட்காட்டியும் முகவரிகளும் இன்று அகோனடி என்னும் பின்னணிச் சேவையின் வழியாகவே கையாளப்படுகின்றன. கானா நாட்டு நீதித் தெய்வம் ஒன்றின் பெயர் இது. ஜெர்மனியின் ஓஸ்னாப்ரூக் நகரில் ஆண்டுதோறும் கூடிவந்த நிரலாளர்கள் இதற்கு வடிவம் தந்தனர். கேமெயில் 2011இல் இதற்கு மாறியது.

நிறுவுதல்

டெபியன், குபுண்டு கணினிகளில் 'சூடோ ஆப்ட் இன்ஸ்டால் கான்டாக்ட்' என்பதே கட்டளை. ஜெர்மனியில் பிறந்த சூசே குடும்பத்து ஓப்பன்சூசேயில் 'ஆப்ட்' இருக்கும் இடத்தில் 'சிப்பர்' வரும். முனையத்தில் இவற்றை ஆங்கிலச் சிற்றெழுத்துகளில் தட்டச்சிட வேண்டும். 'சூடோ' நிர்வாகி உரிமையைத் தருகிறது. தேவையான துணைப் பொதிகளை நிறுவல் நிரலே தேடி எடுத்துக்கொள்கிறது.

பராமரிப்பு

அன்றாடம் கைகொடுக்கும் கட்டளை 'அகோனடிசிடிஎல்'. அதன் பின்னால் 'ஸ்டேட்டஸ்' என்று சேர்த்தால் அகோனடி சேவை ஓடுகிறதா எனத் தெரியும். புது அஞ்சல் வராமல் நின்றுபோனால் முதலில் 'ரீஸ்டார்ட்' இட்டுப் பார்ப்பது வழக்கம். 'எஃப்எஸ்சிகே' தரவுத்தளத்தில் முரண் உள்ளதா எனச் சோதிக்கிறது. 'வேக்யூம்' அதன் அட்டவணைகளைச் சீராக்குகிறது. இவ்விரண்டுக்கும் சேவை ஓடிக்கொண்டிருக்க வேண்டும். மாறாக, காப்புநகல் எடுக்கும் முன் 'ஸ்டாப்' இட்டுச் சேவையை நிறுத்திவிட வேண்டும். இல்லையேல் பாதி எழுதிய தரவு நகலில் சேர்ந்துவிடக்கூடும்.

நாட்காட்டிக்கு 'கான்சோல்கேலண்டர்' என்னும் தனி நிரல் உண்டு. தேதி, நேரம், தலைப்பு ஆகியவற்றைத் தந்தால் சாளரத்தைத் திறக்காமலேயே நிகழ்வைச் சேர்க்கும்; நிகழ்வுகளைக் காட்டவும் நீக்கவும் செய்யும். தொலைவிலுள்ள கணினியை முனையம் வழியே இயக்குவோருக்கு இது பெரிய வசதி.

மென்பொருளை நீக்கினாலும் பயனரின் இல்லக் கோப்புறையிலுள்ள அஞ்சல்களும் அமைப்புகளும் அழிவதில்லை. மீண்டும் நிறுவும்போது அவை உதவும்.

முக்கியத்துவம்

ஜெர்மனியின் ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் மாநிலம் 2025இல் 40,000க்கும் மேற்பட்ட அஞ்சல் பெட்டிகளைக் கட்டற்ற மென்பொருளுக்கு மாற்றியது. அது தேர்ந்தது ஓப்பன்-எக்ஸ்சேஞ்சும் தண்டர்பேர்டும். நிரல்கள் வேறாயினும் நோக்கம் ஒன்றே: மக்களின் கடிதங்களும் நாட்குறிப்புகளும் அவர்கள் கைவசமே இருக்க வேண்டும். மேற்கண்ட கட்டளைகளைப் பழகியவருக்குத் தம் அஞ்சல் எங்கே இருக்கிறது, அதை எப்படிக் காப்பது என்பது தெரிந்திருக்கும்.