நெருப்பு நரிக்குப் பெயர் வைத்த கதை

ஒரே தெருவில் நான்கு முருகன்கள் இருந்தாலும் யாரும் வழக்குப் போடுவதில்லை. மென்பொருள் உலகம் அப்படி இல்லை. ஃபயர்பாக்ஸ் உலாவி இன்றைய பெயரைப் பெறுவதற்குள் இரண்டு பெயர்களைப் பறிகொடுத்தது.

1998 மார்ச்சில் நெட்ஸ்கேப் நிறுவனம் தன் உலாவியின் மூல நிரலை எல்லோருக்கும் திறந்துவிட்டது. மொசில்லா திட்டம் இப்படித்தான் வளர்ந்தது. ஆனால் அதில் உருவான மென்பொருள், உலாவி, மின்னஞ்சல், வலைப்பக்கம் எழுதும் கருவி எல்லாவற்றையும் ஒன்றாகக் கட்டிய பெரிய மூட்டையாக இருந்தது. டேவ் ஹயட், ஜோ ஹெவிட், பிளேக் ராஸ் ஆகியோர் அதிலிருந்து உலாவியை மட்டும் தனியே பிரித்தார்கள். 2002 செப்டம்பரில் 0.1 பதிப்பு வெளிவந்தபோது ராஸுக்கு வயது 17 தான்!

அதற்கு அவர்கள் வைத்த பெயர் ஃபீனிக்ஸ். இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரிடம் தோற்றுப்போன நெட்ஸ்கேப்பின் சாம்பலிலிருந்து எழுந்த பறவை. நல்ல பொருத்தம்தான். ஆனால் கணினிகளுக்கு பயாஸ் தயாரிக்கும் ஃபீனிக்ஸ் டெக்னாலஜிஸ் நிறுவனம் ஏற்கெனவே அந்தப் பெயரை வைத்திருந்தது. அதனிடமும் ஓர் உலாவி இருந்ததால் வணிகக்குறிச் சிக்கல் எழுந்தது. 2003 ஏப்ரலில் உலாவியின் பெயர் ஃபயர்பேர்ட் என்று மாறியது. பறவை அதேதான், சொல் மட்டும் வேறு.

இங்கேதான் உண்மையான தகராறு தொடங்கியது. ஃபயர்பேர்ட் என்ற பெயரில் ஏற்கெனவே ஒரு திறமூல தரவுதளம் இருந்தது. போர்லாண்ட் நிறுவனம் 2000ல் இன்டர்பேஸின் நிரலைத் திறந்தபோது அதிலிருந்து கிளைத்த திட்டம் அது. உலாவி வேறு, தரவுதளம் வேறு என்பது மொசில்லா தரப்பின் வாதம். சட்டப்படி அது சரியாகவே இருக்கலாம். ஆனால் பெரிய திட்டம் ஒன்று அதே பெயரை எடுத்துக்கொண்டால், தேடுபொறியில் சிறிய திட்டம் காணாமல் போய்விடுமே! பெரிய நிறுவனங்கள் சின்னவர்களை நசுக்குகின்றன என்று குறைகூறி வந்த திறமூல உலகத்திலேயே இப்படி நடந்ததுதான் தரவுதளக்காரர்களை அதிகம் புண்படுத்தியது. அவர்களுடைய ஆதரவாளர்கள் மொசில்லாவுக்கு மின்னஞ்சல்களைக் கொட்டித் தீர்த்தார்கள். எப்போதும் "மொசில்லா ஃபயர்பேர்ட்" என்று சேர்த்தே சொல்கிறோம் என்று மொசில்லா இறங்கி வந்தது. அப்படியும் கோபம் தணியவில்லை.

கடைசியில் 2004 பிப்ரவரி 9 அன்று 0.8 பதிப்போடு ஃபயர்பாக்ஸ் என்ற பெயர் வந்தது. இம்முறை முன்கூட்டியே வணிகக்குறிக்கான வேலைகளைச் செய்துவிட்டுத்தான் அறிவித்தார்கள். தமிழில் பலரும் இதை "நெருப்பு நரி" என்றே அழைத்தார்கள். உண்மையில் ஃபயர்பாக்ஸ் என்பது இமயமலைப் பகுதியில் வாழும் சிவப்புப் பாண்டாவின் இன்னொரு பெயர். இலச்சினையில் இருப்பது மட்டும் நரி!

கதை இதோடும் முடியவில்லை. பெயருக்காக அடிபட்ட மொசில்லா, பிறகு தன் பெயரைக் கவனமாகக் காக்கத் தொடங்கியது. 2006ல் டெபியன் லினக்ஸ் குழுவோடு மோதல் வந்தது. ஃபயர்பாக்ஸ் இலச்சினையின் உரிமம் டெபியனின் விதிகளுக்கு ஒத்துவரவில்லை. நிரலில் டெபியன் செய்யும் மாற்றங்களுக்குத் தன் ஒப்புதல் வேண்டும் என்றது மொசில்லா. டெபியன் அதே உலாவிக்கு ஐஸ்வீசல் என்று பெயர் சூட்டியது. நெருப்புக்குப் பதில் பனிக்கட்டி, நரிக்குப் பதில் மரநாய்! 2016ல்தான் டெபியனில் மீண்டும் ஃபயர்பாக்ஸ் பெயர் வந்தது.

நிரலை யார் வேண்டுமானாலும் எடுத்து மாற்றலாம், பெயரை மட்டும் எடுக்கக் கூடாது என்பது முரணாகத் தோன்றலாம். ஆனால் யாரோ ஒருவர் வேவு நிரலைச் சேர்த்து அதே பெயரில் வெளியிட்டால் பயனர் எதை நம்புவார்? நிரலைப் பகிர்ந்துகொண்டாலும் அதன்மேல் உள்ள நம்பிக்கை பெயரில்தான் இருக்கிறது. அன்று தரவுதளக்காரர்கள் கேட்டதும் அதைத்தான், பின்னாளில் மொசில்லா கேட்டதும் அதைத்தான்.