ஓட்டிக் காட்டுங்க சார்

முட்டிவலியால் அம்மா தியேட்டருக்கு வருவதில்லை. கோடம்பாக்கத்து ஃப்ளாட்டின் சுவரிலேயே படம் காட்டலாம் என்று, என் பட்ஜெட்டுக்குள் ஒரு புரொஜக்டர் தேடினேன். தேடும்போதெல்லாம் சாமிக்கண்ணு வின்சென்ட் நினைவுக்கு வந்தார்.

1905இல் அவர் திருச்சியில் ரயில்வே வரைவாளர். டூபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து புரொஜக்டரையும் படச்சுருள்களையும் சேர்த்தே வாங்கினார். வேலையை விட்டு, ஊர் ஊராகக் கூடாரம் அடித்துப் படம் காட்டினார். 1914இல் கோவையில் அவருடைய வெரைட்டி ஹால் எழுந்தது. துணிச்சலைத்தான் எல்லோரும் சொல்கிறோம். எனக்கு இன்னொன்றும் படுகிறது: அவர் வாங்கியது, ஏற்கனவே ஜனங்கள் முன்னால் ஓடிக்கொண்டிருந்த கருவி.

நமக்குக் கிடைப்பது அட்டைப்பெட்டி. அதில் ‘1080பி சப்போர்ட்’ என்றிருந்தால், அந்த சிக்னலை ஏற்கும் என்று மட்டுமே அர்த்தம். உள்ளே பேனல் 1280 x 720 ஆகவும் இருக்கலாம். முழு எச்டிக்கு 1920 x 1080 வேண்டும். ‘நேட்டிவ்’ எவ்வளவு, லூமென்ஸ் அன்சி கணக்கா என்று கேட்க வேண்டும்.

கடையில் கேட்டேன். பதில் மழுப்பலாக வந்தது. “லைட்டை அணைச்சுட்டு, டைட்டில் கார்டை ஓட்டிக் காட்டுங்க சார்” என்றேன். ஓரத்து எழுத்துகள் கலங்கின. வாங்காமல் வந்துவிட்டேன்.

“இன்னும் ஒரு மாசம்மா” என்றேன்.

“எழுத்து தெரியணும்டா, அது போதும்” என்றார் அம்மா.