பூனைக்கண்ணும் காரட்டும்

பேரனுக்குக் காரட் பொரியல் இறங்கவே மாட்டேன் என்கிறது. "சாப்பிடுடா, கண்ணு நல்லாத் தெரியும்" என்று மருமகள் தட்டோடு பின்னால் ஓடுகிறாள். உங்கள் வீட்டிலும் இதைக் கேட்டிருப்பீர்கள். புதுச்சேரியில் நான் பிரெஞ்சில் படித்த காலத்தில் காதில் விழுந்தது வேறு. காரட் தின்றால் குணம் இனிமையாகும் என்றுதான் பிரெஞ்சுக்காரர்கள் குழந்தைகளிடம் சொல்வார்கள். கண்ணைப் பற்றிய பேச்சே அதில் கிடையாது. காரட்டுக்கும் இருட்டில் தெரியும் கண்ணுக்கும் முடிச்சுப் போட்டுப் பரப்பியதில் இரண்டாம் உலகப் போருக்குப் பெரிய பங்கு உண்டு.

1940 செப்டம்பர் முதல் ஜெர்மன் குண்டுவீச்சு விமானங்கள் இரவுதோறும் லண்டனுக்கு வந்தன. பகலில் அவற்றை விரட்டியடித்த ஸ்பிட்ஃபயர், ஹரிக்கேன் விமானங்களால் இரவில் பெரிதாக எதுவும் செய்ய முடியவில்லை. எதிரி எங்கே என்று தெரிந்தால்தானே சுடுவதற்கு?

அந்த நவம்பரில், 19ஆம் தேதி இரவு, 604ஆம் படைப்பிரிவைச் சேர்ந்த ஜான் கன்னிங்ஹாம் என்ற 23 வயது விமானி ஒரு ஜங்கர்ஸ் 88 விமானத்தை வீழ்த்தினார். அடுத்தடுத்து வெற்றிகள் வந்தன. பத்திரிகைகள் அவருக்குப் 'பூனைக்கண்' கன்னிங்ஹாம் என்று பெயர் சூட்டின. நம் விமானிகள் காரட் நிறையச் சாப்பிடுகிறார்கள், அதனால்தான் இருட்டில் கண் தெரிகிறது என்ற கதையும் கிளம்பியது. உணவுத் தட்டுப்பாட்டுக் காலம் அது. காரட் மட்டும் தாராளமாக விளைந்தது. ஆகவே உணவு அமைச்சகத்துக்கும் இந்தக் கதை வசதியாகப் போயிற்று.

வைட்டமின் ஏ குறைந்தால் மாலைக்கண் வரும் என்பது உண்மைதான். ஆனால் அந்தக் குறை இல்லாதவன் கூடை கூடையாகத் தின்றாலும் இருட்டில் கூடுதலாக எதுவும் தெரியாது.

கன்னிங்ஹாமின் இரகசியம் அவர் ஓட்டிய பியூஃபைட்டர் விமானத்துக்குள் இருந்தது. நான்கு பீரங்கிகள் பொருத்திய அந்த இரட்டை எஞ்சின் விமானத்தில் ஒரு ரேடாரும் இருந்தது. அதைப் பார்ப்பதற்கென்றே விமானிக்குப் பின்னால் தனியாக ஓர் ஆள் உட்கார்ந்திருப்பார். முதல் வெற்றியின்போது அப்படி உட்கார்ந்திருந்தவர் பிலிப்ஸன். பின்னர் அந்த இடத்துக்கு வந்து நிலைத்தவர் ஜிம்மி ரான்ஸ்லி. அதே படைப்பிரிவில் துப்பாக்கி வீரராக இருந்து ரேடாருக்கு மாறியவர்.

வேலை நடந்த விதம் இதுதான். தரையில் இருந்த ரேடார் நிலையம் எதிரி விமானத்துக்குச் சில மைல் அருகே இவர்களைக் கொண்டுவந்து விடும். அங்கிருந்து ரான்ஸ்லியின் பொறுப்பு. எதிரே இரண்டு சிறு திரைகள். எதிரி இடப்புறமா வலப்புறமா என்று ஒன்று காட்டும். மேலேயா கீழேயா என்று மற்றது காட்டும். அந்தக் கோடுகளைப் பார்த்தபடியே, இடப்பக்கம் திரும்பு, கொஞ்சம் மேலே, வேகத்தைக் குறை என்று விடாமல் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். வேகம் மிஞ்சினால் எதிரியைத் தாண்டிப் போய்விடுவார்கள். சுமார் 400 அடிக்குள் நெருங்கிவிட்டால் ரேடாரும் உதவாது. அந்தக் கடைசித் தூரத்தில்தான் விமானியின் கண்ணுக்கு வேலை.

கன்னிங்ஹாம் வீழ்த்திய 20 விமானங்களில் 19 இரவில் விழுந்தவை. பூனைக்கண் என்ற பட்டப்பெயர் அவருக்குப் பிடிக்கவே இல்லை. எப்படிப் பிடிக்கும்? பாதி வேலையைப் பின்னால் இருந்தவர் செய்தார் என்பது அவருக்குத் தெரியுமே. ஆனால் ரேடார் இரகசியம். அதனால் ரேடார்காரரும் இரகசியமாகிப் போனார். 1957இல் ரான்ஸ்லி, ராபர்ட் ரைட்டுடன் சேர்ந்து தன் அனுபவங்களைப் புத்தகமாக எழுதினார்.

எதிர்த் தரப்பிலும் இதே கதைதான். இரவுப் போரில் அதிக விமானங்களை வீழ்த்தியவர் ஜெர்மனியின் ஹைன்ஸ்-வொல்ஃப்காங் ஷ்னாவ்ஃபர். கணக்கு 121. அவற்றில் 100 முறை அவருடைய ரேடார் இயக்குநராக இருந்தவர் ஃபிரிட்ஸ் ரும்பல்ஹார்ட்.

121 என்று படிக்கும்போது சாதனையாகத்தான் தெரிகிறது. ஆனால் ஒரு லங்காஸ்டர் விமானத்தில் ஏழு பேர் இருப்பார்கள். பலர் இருபதைச் சற்றே தாண்டிய பிள்ளைகள். பிரிட்டிஷ் குண்டுவீச்சுப் படையில் மட்டும் இறந்தவர்கள் 55,573 பேர். அவர்கள் குண்டு போட்ட ஊர்களில் மடிந்தவர்கள் தனி. போரில் உயிர் பிழைத்த ஷ்னாவ்ஃபர் 1950இல் பிரான்சில் ஒரு சாலை விபத்தில் இறந்தார். வயது 28.

நான் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். குறிப்பு எழுதியவன் பெயர் உத்தரவில் வராது என்பது பழகிப்போன விஷயம். போர்க்காலத்தில் ரேடாரை மறைத்ததிலும் தவறு சொல்ல மாட்டேன். ஆனால் போர் முடிந்து எண்பது ஆண்டுகள் ஆகின்றன. மறைக்கச் சொன்ன பொய் இன்றும் சாப்பாட்டுத் தட்டில் இருக்கிறது. ரான்ஸ்லி பெயரைச் சொல்ல ஆளில்லை.

இதையெல்லாம் பேரனுக்குச் சொன்னேன். கவனமாகக் கேட்டான். பிறகு, "பின்னாடி உட்கார்ந்தவரும் காரட் சாப்பிட்டாரா தாத்தா?" என்றான்.

மருமகள் என்னை முறைத்தாள். பொரியல் அப்படியே இருந்தது.