படகின் ஓய்வு நேரமும் மின்னேற்றியும்: நேவா ஆற்றிலிருந்து வைக்கம் படகுத்துறை வரை

வைக்கம் என்றவுடன் தமிழர் நினைவுக்கு வருவது 1924-25இல் நிகழ்ந்த தெருநுழைவுப் போராட்டமும் அதில் பெரியார் ஏற்ற பங்கும்தான். அவ்வூரின் படகுத்துறைக்கு இன்னொரு வரலாறும் உண்டு. 2017 ஜனவரி 12 அன்று, வேம்பநாட்டு ஏரியின் மறுகரையிலுள்ள தவணக்கடவுக்குச் செல்லும் வழித்தடத்தில் 'ஆதித்யா' என்னும் படகு தொடங்கிவைக்கப்பட்டது. 75 பேர் அமரக்கூடிய அது, இந்தியாவின் முதல் சூரியசக்திப் பயணிகள் படகு. மின்சாரத்தால் படகோட்டும் முயற்சிக்கு அப்போது ஏறத்தாழ 180 வயது. அம்முயற்சி சாமானியரின் கடத்துப் படகை வந்தடைய இத்தனை காலம் ஏன் ஆயிற்று? மோட்டார் தொடக்கத்திலேயே இருந்தது. தீர்ந்த மின்கலத்தை எங்கே, எப்போது, எதைக்கொண்டு நிரப்புவது என்பதே நெடுங்காலம் தீராத சிக்கலாக நின்றது.

1838இல் மோரிட்ஸ் ஜாகோபி, செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரின் நேவா ஆற்றில் மின்மோட்டார் பொருத்திய படகை ஓட்டிக் காட்டினார். அதற்கு மின்சாரம் தந்தவை துத்தநாகத் தகடுகளைக் கொண்ட கலங்கள். தகடு கரையக் கரைய மின்சாரம் பிறக்கும். கரைந்தபின் புதுத்தகடு வேண்டும். 1881இல் பாரிஸ் நகரின் சேன் ஆற்றில் குஸ்தாவ் துருவே ஓட்டிய சிறுபடகும் இவ்வாறு ஒருமுறை தீர்ந்தால் மின்னேற்ற இயலாத கலங்களையே நம்பியிருந்தது. இவை வியப்பூட்டின; நாள்தோறும் மக்களைச் சுமக்க உதவவில்லை.

மீண்டும் மின்னேற்றக்கூடிய ஈயச் சேமக்கலத்தை காஸ்டன் பிளாந்தே 1859இல் உருவாக்கினார். 1881இல் கமீல் ஃபோர் அதன் தகடுகளைச் சீர்திருத்தி அதைத் தொழிலுக்கு ஏற்றதாக்கினார். அடுத்த ஆண்டே தேம்ஸ் ஆற்றில் சேமக்கலப் படகு ஓடியது. 1880களின் இறுதியில் மோரிட்ஸ் இம்மிஷின் நிறுவனம் அங்கே வாடகை மின்படகுகளை இயக்கி, ஆற்றின் நெடுகிலும் மின்னேற்று நிலையங்களை அமைத்தது. நீராவி எஞ்சினும் அது சுழற்றும் டைனமோவும் சிறுபடகு சுமக்கக்கூடிய எடையில் இல்லை. ஆகவே மின்னேற்றி படகுக்கு வெளியே நின்றது. அதைத் தேடிப் படகு போயிற்று.

இந்த ஏற்பாடே மின்படகில் யார் பயணிக்கலாம் என்பதையும் வரையறுத்தது. பகலில் உலாச் சென்று இரவெல்லாம் கட்டிக் கிடக்கும் இன்பப் படகுக்கு அது பொருந்தியது. 1893இல் சிகாகோ உலகக் கண்காட்சியின் நீர்நிலைகளில் 50க்கும் மேற்பட்ட மின்படகுகள் பார்வையாளரைச் சுமந்தன, அதுவும் உலாவே. விடியற்காலை முதல் இரவு வரை கரைக்குக் கரை ஓடவேண்டிய கடத்துப் படகுக்கு ஓய்வு ஏது? பெட்ரோல், டீசல் எஞ்சின்கள் வந்தபோது அத்தகைய படகுகள் அவற்றின் பக்கம் சாய்ந்தன. மின்கலம் எஞ்சினைக் கிளப்பவும் விளக்கெரிக்கவும் மட்டும் படகில் தங்கியது.

மின்னேற்றி படகுக்குள் எளிதாகக் குடியேறியது 20ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில். கரையின் மாறுதிசை மின்சாரத்தை நேர்திசை மின்சாரமாக்கும் சிலிக்கான் டையோடு, அந்தக் கருவியை ஒரு சிறு பெட்டிக்குள் அடக்கியது. கரையிலிருந்து ஒரு கேபிள் வந்தால் போதும் என்றாயிற்று. ஆயினும் ஈயச் சேமக்கலம் கண்டிப்பானது. 12 வோல்ட் கலத்தை முதலில் சீரான மின்னோட்டத்தாலும், அடுத்து ஏறத்தாழ 14.4 வோல்ட் அழுத்தத்தாலும் நிரப்பி, பின்னர் 13.5 வோல்ட் அளவில் தாங்கிநிற்க வேண்டும். மிகுந்தால் நீர் சிதைந்து ஹைட்ரஜன் வெளியேறும். காற்றோட்டமற்ற அடித்தளத்தில் அது வெடிக்கவும் கூடும். குறைந்தால் தகடுகளில் சல்பேட் படிந்து கலம் மெலியும். 100 ஆம்பியர்-மணி கொண்ட ஈயக் கலத்துக்கு 10 முதல் 20 ஆம்பியர் மின்னேற்றி என்பது பொதுவான கணக்கு. இதற்கு மேலும் விரைவு வேண்டுமெனில் கலத்தின் வேதியியலே மாறவேண்டும். லித்தியம் கலம் அந்த மாற்றத்தைக் கொண்டுவந்தது. கூடவே ஒவ்வோர் அறையின் அழுத்தத்தையும் வெப்பத்தையும் கண்காணிக்கும் மின்னணு அமைப்பையும் கட்டாயமாக்கியது.

ஆதித்யாவின் கணக்கு இந்தப் பின்னணியில் விளங்கும். கூரையில் 20 கிலோவாட் சூரியத் தகடுகள். உள்ளே 50 யூனிட் கொள்ளும் லித்தியம் கலத்தொகுதி. தலா 20 கிலோவாட் திறனுள்ள இரு மோட்டார்கள். நல்ல வெயிலில் ஒரு கிலோவாட் தகடு நாளொன்றுக்கு 4 யூனிட் தருமெனக் கொண்டால் 80 யூனிட் ஆகிறது. அதாவது, கலத்தின் கொள்ளளவைவிடக் கூடுதலான மின்சாரம் பகலில், ஓட்டத்தின் நடுவிலேயே வந்து சேர்கிறது. தகட்டின் மின்சாரத்தைக் கலத்துக்கேற்பப் பதப்படுத்தும் கட்டுப்பாட்டுக் கருவியே இங்கே படகின் முதன்மை மின்னேற்றி. பற்றாக்குறையை இரவில் கரை மின்சாரம் ஈடுசெய்கிறது. காலியான 50 யூனிட்டை 10 மணி நேரத்தில் நிரப்ப, இழப்பையும் சேர்த்து 6 கிலோவாட் அளவே போதும். தேம்ஸ் படகுக்குத் தேவைப்பட்ட நீராவி எஞ்சினின் இடத்தை வேம்பநாட்டின் வெயில் எடுத்துக்கொண்டது. துருவே பெயரால் வழங்கப்படும் மின்படகு விருதை 2020இல் இப்படகு பெற்றது பொருத்தமே.

கொச்சி நீர் மெட்ரோ வேறு வழியைத் தேர்ந்தது. 2023 ஏப்ரலில் தொடங்கிய அச்சேவையின் 100 பேர் படகுகளில் 122 யூனிட் கொள்ளும் லித்தியம் டைட்டனேட் கலங்கள் உள்ளன. ஒரே எடையில் பிற லித்தியம் கலங்களைவிடக் குறைவான மின்சாரத்தையே இவை சேமிக்கும். ஆனால் மிக விரைவான மின்னேற்றத்தைத் தாங்கும். நகரத்தின் நெருக்கமான நேர அட்டவணை, பயணிகள் ஏறி இறங்கும் இடைவெளியைத் தவிர வேறு ஓய்வைத் தருவதில்லை. 122 யூனிட்டில் பாதியை 15 நிமிடத்தில் ஏற்ற 244 கிலோவாட் வேண்டும். ஆதித்யாவின் இரவுத் தேவையைப்போல் இது ஏறத்தாழ 40 மடங்கு. அத்தகைய மின்னேற்றியும் அதற்கான மின்மாற்றியும் கரையிலேயே நிற்கும். தேம்ஸ் நிலையங்கள் புதிய உருவில் திரும்பிவந்துள்ளன.

இரு படகுகளுக்கும் நீர்வழி அருகருகே. வேறுபடுவது ஓய்வு நேரம். அதைக் கணக்கிடாமல் மின்னேற்றியைத் தேர்ந்தால், பெரியது வீண்செலவாகும்; சிறியது நடுமாலையில் படகை நிறுத்தும். அவ்வாறு நின்றால் மறுகரையில் காத்திருப்போர் வேலைக்கும் பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் செல்வோர். ஓரிரு முறை ஏமாந்தபின் அவர்கள் மின்படகையே நம்ப மறுப்பர். டீசல் மீண்டும் வரும், அதன் செலவும் புகையும் கூடவே வரும். ஆகவே புதிய மின்படகுக்குத் திட்டமிடும் துறை, விலைப்பட்டியலைப் பிரிக்குமுன் தன் படகுகளின் நேர அட்டவணையை விரித்துவைத்து, அவை சும்மா நிற்கும் நிமிடங்களை எண்ணிப் பார்ப்பது நலம்.