எக்லன்டைன் ஜெப்

எக்லன்டைன் ஜெப் (ஆகஸ்ட் 25, 1876 - டிசம்பர் 17, 1928) இங்கிலாந்தைச் சேர்ந்த சமூக சீர்திருத்தவாதி ஆவார். சிறுவர் உரிமைகள் பற்றிய முதல் பன்னாட்டுச் சாற்றுரையை வரைந்தவர் இவரே.

ஷ்ரொப்ஷயர் மாவட்டத்தில் பிறந்த இவர், ஆக்சுபோர்டில் வரலாறு பயின்றார். சிறிது காலம் ஆசிரியராகவும் பணியாற்றினார்.

முதல் உலகப் போர் 1918 நவம்பரில் ஓய்ந்த பின்னரும் நேச நாடுகளின் கடல் முற்றுகை நீடித்தது. இதனால் செருமனியிலும் ஆஸ்திரியாவிலும் குழந்தைகள் பட்டினியால் வாடினர். அக்குழந்தைகளின் ஒளிப்படங்கள் கொண்ட துண்டறிக்கைகளை 1919 இல் இலண்டன் டிரபால்கர் சதுக்கத்தில் வழங்கியமைக்காக ஜெப் கைது செய்யப்பட்டு, 5 பவுண்டு தண்டம் விதிக்கப்பட்டார். எதிர்த்து வழக்காடிய அரசு வழக்கறிஞரே அத்தொகையைக் கொடுத்தார் என்பது குறிப்பிடத்தக்கது. அவ்வாண்டு மே மாதம் தமது தங்கை டோரதி பக்ஸ்டனுடன் இணைந்து 'சேவ் த சில்ரன்' நிதியத்தை நிறுவினார். பகை நாட்டுக் குழந்தைகளுக்கு உதவுவதா என்ற எதிர்ப்பும் எழாமலில்லை.

நிதி திரட்டுவது மட்டும் போதாது, அரசுகளின் கொள்கையும் மாறவேண்டும் எனக் கருதிய ஜெப், ஐந்தே கூறுகள் கொண்ட சாற்றுரை ஒன்றை 1923 இல் எழுதினார். இடர்க்காலத்தில் முதலில் உதவி பெறவேண்டியது குழந்தையே என்பது அவற்றுள் ஒன்று. இதனை உலக நாடுகள் சங்கம் 1924 இல் ஏற்றுக்கொண்டது. இது ஜெனீவா சாற்றுரை எனப்படுகிறது. உண்மையில் இது குழந்தைகளின் உரிமைகளைவிடப் பெரியோரின் கடமைகளையே கூறுகிறது. சட்டப் பிணைப்பும் அற்றது. அத்தகைய பிணைப்பு 1989 இன் ஐக்கிய நாடுகள் சிறுவர் உரிமைகள் உடன்படிக்கையால் ஏற்பட்டது. ஐ.நா. உறுப்பு நாடுகளுள் ஐக்கிய அமெரிக்கா மட்டுமே அதனை உறுதிப்படுத்தவில்லை.

ஜெப் தமது 52 ஆவது வயதில் ஜெனீவாவில் காலமானார்.